மாரி எப்போது விழும்: நாவுலயில் மழைக்கணிப்பின் வரலாறு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், நாலந்தாவைத் தாண்டி வடக்கே இருக்கிறது நாவுல. எலஹெரவுக்குப் போகும் கிளைவீதி இங்குதான் கிழக்கே பிரிகிறது. தெற்கே மத்திய மலைநாட்டின் அடிவாரக் குன்றுகள், தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், வடக்கே அநுராதபுரம் வரை பரந்து கிடக்கும் சமவெளி. இலங்கையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நிலத்தை ஈர வலயம் என்றும், 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறுவதை உலர் வலயம் என்றும் வகுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய பட்டிதான் இடை வலயம். நாவுல அந்தப் பட்டியில் இருக்கிறது. மலைநாட்டுக்குச் சொல்லும் மழைக்கணிப்பு இந்த ஊருக்குப் பொருந்துவதில்லை, சமவெளிக்குச் சொல்வது அரைகுறையாகவே பொருந்தும். மழையை முன்கூட்டி அறிய இங்கு காலங்காலமாக நடந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சிக்கல் இருந்து வந்திருக்கிறது.

இலங்கையின் மழை ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிகிறது. மார்ச், ஏப்ரலில் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாகிவிடும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் நாவுலயில் வீசுவது அந்தக் காற்றுதான். புல் காய்கிறது, சிறு குளங்களின் அடி தெரிகிறது, புழுதி கிளம்புகிறது. புரட்டாதி முடியும்போது காற்று ஓய்கிறது. வெப்பவலய மழைமேகப் பட்டி தெற்கு நோக்கி நகர்ந்து இலங்கையைக் கடக்கிறது. காலையில் தெளிந்திருக்கும் வானம் நண்பகலுக்குப் பின் இருண்டு, இடி மின்னலோடு மழை கொட்டுகிறது. பின்னர் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் நாள்கணக்கில் அடைமழை தருகின்றன. நாடு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் ஆண்டு மழையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் விழுகிறது. நாவுலயின் பெரும்போகம், சேனை, குளம், கிணறு அனைத்தும் இந்த மழையை நம்பியவை.

எவ்வளவு மழை பெய்யும் என்பதைக் காட்டிலும், எப்போது விழத் தொடங்கும், விழுந்தபின் இடையில் நின்றுவிடுமா என்பதே இங்கு பயிர் செய்வோரின் கேள்வி. சேனைப் பயிர்ச்செய்கையை அருகிருந்து பார்த்தால் காரணம் புரியும். கோடையின் நடுவில் காட்டை வெட்டிச் சாய்த்துக் காயவிடுவார்கள். ஆவணி, புரட்டாதியில், காற்று அடங்கிய ஒரு நாள் பார்த்துத் தீ வைப்பார்கள். தீ சீராக எரிந்தால் களை விதைகள் அழிந்து சாம்பல் உரமாகும். எரிப்பதற்கு முன் ஒரு மழை விழுந்துவிட்டால் வெட்டிய மரம் ஈரமேறி அரைகுறையாக எரியும், அந்த ஆண்டு களையோடு போராடியே கழியும். எரித்தபின் மழை வராமல் நாள் நீண்டால் காற்று சாம்பலை அள்ளிக்கொண்டு போகும். குரக்கனும் சோளமும் முதல் மழையோடு விதைக்கப்படும். அந்த மழையை நம்பி விதைத்தபின் இரண்டு மூன்று கிழமை வானம் பொய்த்தால், முளைத்த பயிர் கருகி மறுபடி விதைக்க வேண்டிவரும். அதற்கு வீட்டில் விதை மிஞ்சியிருக்க வேண்டும். வயலில் புழுதி விதைப்புச் செய்பவர் எடுக்கும் துணிச்சலும் இதே அளவானது. காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி மழைக்குக் காத்திருப்பவருக்கு, மழை பத்து நாள் பிந்துவது பருவ மொத்தத்தில் 100 மில்லிமீற்றர் குறைவதைவிடப் பெரிய இழப்பு.

இந்தக் கேள்விக்குப் பழைய காலம் தந்த விடை நாட்காட்டி. 1660இல் கொட்டியாரக் குடாப்பகுதியில் பிடிபட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். சோதிடம் அறிந்தவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்களாகிய சாதாரண மக்கள். தாலிப்பனை ஓலையில், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் இரு விரல் அகலமுமாக அவர்கள் ‘லித’ எழுதினார்கள். பிறையின் வயதும், உழவும் விதைப்பும் பயணமும் தொடங்க நல்ல நேரமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. நொக்ஸ் மழையையும் கூர்ந்து கவனித்தவர். மேல்காற்று வீசும்போது தீவின் மேற்குப் பக்கம் நனைகிறது, கிழக்குப் பக்கம் காய்கிறது, கீழ்க்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது, இந்த ஈரமும் வறட்சியும் பிரியும் கோடு மலைகளின் நடுவே ஓடுகிறது, ஒரு மலையின் ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலும் ஒரே நேரத்தில் கண்டதுண்டு என்று எழுதினார். வானிலைக் கருவி எதுவும் இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவான விவரிப்பை எதிர்பார்க்க முடியாது. இடை வலயம் என்று பிற்காலத்தார் கோடு போட்டு வகுத்த நிலத்தை அவர் கண்ணாலேயே கண்டிருக்கிறார்.

சிங்கள மாதங்களில் ஒக்டோபருக்கு இணையானது ‘வப்’. அரசன் ஏர் பிடித்துப் பருவத்தைத் தொடக்கிவைக்கும் ‘வப் மகுல’ என்ற ஏர்மங்கலம் அந்த மாதத்துக்குரியது. சடங்கு என்று ஒதுக்கிவிடக் கூடிய செய்தியல்ல இது. ஒரு பிரதேசம் முழுவதும் ஒரே காலத்தில் உழத் தொடங்கினால் நீரைப் பங்கிடுவது எளிது. பயிர் ஒரே காலத்தில் முற்றும், பறவையும் விலங்கும் ஒருவர் வயலையே அழிக்காது. மழை வரும் நாளை லித சொல்லிவிடவில்லை. மழை வரக்கூடிய காலத்தில் எல்லோரும் ஆயத்தமாக இருக்கும்படி அது செய்தது.

தமிழர் பஞ்சாங்கம் இதைவிடத் துணிந்து பேசியது. யாழ்ப்பாணத்தில் அச்சாகும் வாக்கிய, திருக்கணித பஞ்சாங்கங்களில் அவ்வாண்டின் மேகாதிபதி யார், ஒன்பது மேகங்களில் எது பொழியும், மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கும் மலைக்கும் நிலத்துக்கும் பங்கு எவ்வளவு என்றெல்லாம் சொல்லும் வழக்கம் உண்டு. இன்னொரு முறை கர்ப்போட்டம். மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறக்குறைய 14 நாள்களில் மேகம் கருவுறுவதாகக் கொண்டு, அந்த நாள்களின் மேகம், காற்று, தூறலைப் பார்த்து அடுத்த ஆண்டின் மழையை மதிப்பிடுவார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, கருவுற்ற மேகம் 195 நாளில் பொழியும் என்று கணக்கே தந்திருக்கிறது. தென்மேற்குப் பருவத்தை எதிர்பார்க்கும் நிலத்துக்கு அமைந்த கணக்கு அது. மார்கழி முழுவதும் வடகீழ் மழை பெய்து கொண்டிருக்கும் நாவுலயில், அதே 14 நாளில் கனமழை விழுந்தால் மரபின்படி கர்ப்பம் கலைந்ததாகிவிடும். ஆனால் சேனைக்காரருக்கு அது கதிர் பால் பிடிக்க உதவும் மழை. ஓர் ஊரின் மழையறிவை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும்போது நேரும் பிழைக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தமிழர் நாவுல வழியால் பெருமளவில் நடந்து போனது கோப்பிக் காலத்தில். 1830களின் பின் கண்டி, மாத்தளைக் குன்றுகளில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நாவுல அந்த நெடுவழியில் இருந்தது. கோடையில் வந்தால் குடிக்க நீரில்லை, மாரியில் வந்தால் ஆறு பெருகிக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் சூழ்ந்தன. வழியிலே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டிறுதியை ஒட்டி வந்ததால், அந்த மக்களின் வருகையும் போக்கும் மழைப் பருவத்தோடு பிணைந்திருந்தன. வானிலையை முன்கூட்டி அறியாமல் மிக அதிகம் இழந்தவர்கள் அவர்களே என்று சொல்லலாம். அவர்கள் பெயரால் எந்த மழைப்பதிவும் எழுதப்படவில்லை. 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. மலைத்தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் வழியாகவே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும், பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமும் இந்த மாவட்டத்தில் வேரூன்றின.

ஓலையும் பஞ்சாங்கமும் தராத அண்மைக்கால அறிவை ஊர்க்கண்கள் தந்தன. எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டுக்கு ஏறுவது, தட்டான் தாழப் பறப்பது, மாலையில் கிழக்கே மின்னுவது, கறையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவது ஆகியவை மழைக்கு அடையாளங்கள். இவற்றில் சில ஒரு நாளைக்கு முன், சில சில மணிநேரத்துக்கு முன் பலிக்கக் கூடியவை. காற்றில் ஈரம் ஏறுவதை மனிதனுக்கு முன் சிற்றுயிர்கள் உணர்கின்றன. ஆனால் சேனைக்குத் தீ வைப்பதா, விதையைத் தூவுவதா என்று முடிவெடுக்க ஒரு நாள் முன்னறிவு போதாது. உலர் வலயக் குளக் கிராமங்களில் அய்யநாயக்கத் தெய்வத்துக்குப் படையலிட்டு மழையும் குளத்துக்குக் காவலும் வேண்டிய வழக்கம், கணிப்பு ஓய்ந்த இடத்தில் நேர்ந்துகொள்வதாக அமைந்தது.

கணிக்க முடியாததை ஊர் கூடித் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இவற்றுக்கெல்லாம் மேலானது. பருவத் தொடக்கத்தில் குளத்து நீரில் பயிர் செய்வோர் அனைவரும் கூடும் கூட்டத்தைச் சிங்களத்தில் ‘கன்ன’ கூட்டம் என்பார்கள். எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளுக்குள் உழவு முடிப்பது, வேலி யார் அடைப்பது, எந்த வயதில் முற்றும் நெல்லை விதைப்பது என்பவை அங்கே முடிவாகும். குளத்தில் நீர் குறைவாக இருந்தால் ‘பெத்ம’ முறை வரும். குளத்துக்கு அண்மையான வயல்பகுதியை மட்டும் அந்தப் போகத்தில் விதைப்பது, அதை எல்லாப் பங்காளரும் தத்தம் உரிமைக்கேற்பப் பிரித்துப் பயிரிடுவது என்பது அதன் விதி. தன் வயல் கடைமடையில் இருப்பவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நீர் பங்கிட்டு இதை நடத்தியவர் வெல் விதானை. தமிழூர்களில் அவரை வட்ட விதானை என்பார்கள். ஆங்கிலேயர் தொடக்கத்தில் இந்த ஊர்வழக்கைக் கலைத்துவிட்டு, 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டத்தின் மூலம் மறுபடி உயிர்கொடுத்தார்கள். வெல் விதானைப் பதவி 1958இன் நெற்காணிச் சட்டத்தோடு மறைந்தது. கூட்டம் மறையவில்லை. இன்றும் கமநல அதிகாரிகள், நீர்ப்பாசன அதிகாரிகள் முன்னிலையில் ஒவ்வொரு போகத்துக்கும் அது நடக்கிறது.

மழையை அளப்பது 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஒழுங்குபெற்றது. நில அளவைத் திணைக்களம் அவதான நிலையங்களை நடத்தியது. 1907இல் கொழும்பில் வானிலை அவதான நிலையம் நிறுவப்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் பணி தனித் திணைக்களமாயிற்று. தோட்டத் துரைமார் தங்கள் காரியாலய முற்றத்தில் மழைமானி வைத்து நாள்தோறும் அளவு குறித்தார்கள். இன்று மலைநாட்டுக்கு நூறாண்டைத் தாண்டிய மழைப்பதிவு கிடைப்பதற்குப் பெரும் காரணம் அந்தத் தோட்டக் குறிப்பேடுகள். மானியைத் தேடி நடந்து நீரை அளவைக் குழாயில் ஊற்றி அளவு பார்த்தவர் பல இடங்களில் ஒரு தமிழ்க் கணக்கப்பிள்ளையாகவோ காவலாளியாகவோ இருந்திருப்பார். ஆனால் மானி நின்றது பணப்பயிர் இருந்த இடத்தில். அரசாங்கக் குளங்களிலும் அலுவலகங்களிலும் சில நின்றன. சேனைக்காட்டுக்கு என்று எவரும் மழைமானி வைக்கவில்லை. இதனால் நாவுல போன்ற ஓரநிலத்தின் மழை, இருபுறத்து மானிகளின் அளவுகளை வைத்து ஊகித்தே பெறப்பட்டது.

நிர்வாக எல்லையும் இதே திசையில் தவறிழைத்தது. 1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. 1873இல் நுவரகலாவியவையும் தமன்கடுவவையும் சேர்த்து வடமத்திய மாகாணம் உண்டாக்கப்பட்டபோது, மாத்தளையின் வடபாதி மத்திய மாகாணத்திலேயே விடப்பட்டது. வானொலி வந்து, மாகாணவாரியாக மழைக்கணிப்பு வாசிக்கப்பட்டபோது, நுவரெலியாவும் நாவுலயும் ‘மத்திய மாகாணம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஜூலையில் நுவரெலியாவில் மழை கொட்டும்போது நாவுலயில் மண் வெடித்துக் கிடக்கும். மாகாணப் பெயரை நம்பி விதைத்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மழை தவறுவது பயிரை மட்டும் பாதித்து நின்றதில்லை என்பதை 1934 காட்டியது. அந்த ஆண்டு தென்மேற்கு மழை பொய்த்தது. ஈர, இடை வலயங்களில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆறுகள் வற்றி, மணல் நடுவே தெளிந்த குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம் அந்தக் குட்டைகளில் பெருகியது. ஒக்டோபர் முதல் காய்ச்சல் பரவி, 1935 வரை நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மிக மோசமாகத் தாக்கப்பட்டவை கேகாலை, குருநாகல் பகுதிகள். மாத்தளைப் பகுதியிலும் ஊர்கள் சாய்ந்தன. மலேரியா நிரந்தரமாக இருந்த உலர் வலயத்தில் மக்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. நோயை அரிதாகவே கண்ட ஊர்களில்தான் சாவு மலிந்தது. மழைக்குறைவைச் சில மாதம் முன்பே அறிந்து ஆற்றுக் குட்டைகளைக் கவனித்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும். அப்படிச் சொல்லும் விஞ்ஞானம் அன்று இலங்கைக்குக் கிடைத்திருக்கவில்லை.

பருவகால முன்கணிப்பு இந்தியாவில் பஞ்சத்தின் பின் பிறந்தது. 1875இல் இந்திய வானிலைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் தலைவர் ஹென்றி பிளான்போர்ட் இமாலயப் பனியின் அளவை வைத்து 1886இல் தென்மேற்குப் பருவத்துக்கு முதல் நீண்டகாலக் கணிப்பை வெளியிட்டார். 1904 முதல் 1924 வரை அங்கு தலைமை வகித்த கில்பர்ட் வோக்கர், பசிபிக் சமுத்திரத்தின் இரு ஓரங்களுக்கிடையே காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டு அதைத் தெற்கத்திய அலைவு என்றார். அந்த அலைவோடு இணைந்து பசிபிக் வெப்பமடையும் எல் நினோவின் போது இந்தியாவின் தென்மேற்கு மழை குறைய வாய்ப்பு அதிகம் என்பது பின்னர் நிலைபெற்றது. ‘எல் நினோ என்றால் வறட்சி’ என்று இதையே இலங்கையின் மாரிக்கும் பொருத்திவிட முடியாது, அங்கு நிலைமை தலைகீழ். 1983இல் ரஸ்முசனும் கார்பென்டரும் வெளியிட்ட ஆய்வு, பசிபிக் வெப்பமடையும் ஆண்டுகளில் இலங்கையின் மாரி மழை கூடுவதை எடுத்துக் காட்டியது. இலங்கை ஆய்வாளர் லரீஃப் சுபைர் தம் சகாக்களோடு செய்த ஆய்வுகள் இதை நெல் விளைச்சலோடும், இந்து சமுத்திர இருமுனைவின் நிலையோடும் இணைத்தன. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி சூடாகிக் கிழக்குப் பகுதி குளிர்ந்திருந்தால், செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை இலங்கையின் மழை கூடுகிறது. எதிர்மாறாக இருந்தால் குறைகிறது.

இதற்குள் இன்னொரு சிக்கல் உண்டு. எல் நினோ ஆண்டின் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை கூடினாலும், அதன் பின்வரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறையவே வாய்ப்பு அதிகம். பசிபிக் குளிரும் லா நினாவில் இந்த நிலை மாறி அமையும். 2011 ஜனவரியில் லா நினா நிலவியபோது கிழக்கிலும் மத்தியிலும் வெள்ளம் பெருகியது. 2016இல் இருமுனைவு கடுமையாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த நிலையில் மாரி மழை பெரிதும் தவறியது. 2016/17 பெரும்போக நெல் விளைச்சல் முந்தின பெரும்போகத்தின் ஏறத்தாழ பாதிக்குச் சரிந்தது. ஆகவே நாவுலச் சேனைக்காரரிடம் போய் ‘இந்த ஆண்டு மழை நல்லது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. முளைக்கும் காலத்து மழையும் கதிர் முற்றும் காலத்து மழையும் வெவ்வேறு காரணங்களால் நடப்பவை.

மழையின் நிச்சயமின்மைக்கு அரசு கண்ட பதில் அணைக்கட்டு. நாவுலயைச் சுற்றியுள்ள நிலம் இதில் மிகப் பழமையானது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துக் கால்வாய் வெட்டிய பணி, வசப மன்னன் காலத்தில் தொடங்கியதாக மகாவம்சத்தின் வழி அறியப்படுகிறது. மகாசேனன் காலத்தில் அது மின்னேரியாக் குளத்துக்கு நீர் கொண்டுபோனது. 20ஆம் நூற்றாண்டில் மகாவலித் திட்டம் இதே ஆற்றை எடுத்துக்கொண்டது. பொல்கொல்லையில் 1976இல் மகாவலி திருப்பப்பட்டு, சுரங்கம் வழியே உக்குவெலையைக் கடந்து சுது கங்கையில் சேர்ந்து, போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி லெனதொர பக்கம் திருப்பப்பட்டுக் கலாவெவப் படுகைக்குப் போகிறது, மறு பகுதி அம்பன் கங்கையில் எலஹெரவை நோக்கி ஓடுகிறது. போவதென்ன நீர்த்தேக்கத்தால் மூழ்கவிருந்த நாலந்தாக் கெடிகே, பல்லவக் கட்டடப் பாணியைத் தாங்கிய சிறு கற்றளி, கல் கல்லாகக் கழற்றப்பட்டு உயரமான இடத்தில் மறுபடி கட்டப்பட்டது. 1980இல் அந்த வேலை முடிந்தது. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் கட்டுமானம் 2007 ஜனவரியில் தொடங்கி, 2017 ஜனவரியில், அந்தக் கொடிய வறட்சியின் நடுவே, நீர் நிரப்பும் பணி ஆரம்பமானது.

இந்த நீர் பெரும்பாலும் நாவுலயைக் கடந்து போகும் நீர். மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய், கலாவெவ ஆகியவற்றை நம்பிய விவசாயிக்கு ஒக்டோபர் மழை பிந்தினாலும் நீர் திறக்கும் திகதி ஒன்று உண்டு. அவருடைய கேள்வி மழையைவிட நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பற்றியதாகிவிட்டது. நாவுலயின் மேட்டுநிலமும் சிறு குளங்களும் மானாவாரியாகவே இருக்கின்றன. இரு பெரிய நீர்த்தேக்கங்களை அருகே வைத்துக்கொண்டு முதல் மழைக்காக வானத்தைப் பார்க்கும் நிலை, திட்டம் போட்டவர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டிய ஒன்று.

கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிய வெங்காயம் வந்து கணிப்பின் பொருளையே மாற்றியிருக்கிறது. தம்புள்ளை, கலேவெல, நாவுல ஆகியவை உள்ளிட்ட மாத்தளை மாவட்டம் இலங்கையின் முதன்மையான பெரிய வெங்காய நிலம். சிறுபோகத்தில் நட்டு, ஆவணி முதல் ஐப்பசி வரை அறுவடை செய்கிறார்கள். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு வயலில் பரப்பிக் கழுத்து வாடும்வரை உலர்த்த வேண்டும். கழுத்தில் ஈரம் தங்கினால் உள்ளிருந்து அழுகும். குவியலில் ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் போகும். ஒக்டோபர் முதல் வாரத்து இடிமழை ஒன்று போதும், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் சேறாகிவிடும். உடனே விற்கலாம் என்று 1999இல் திறந்த தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றினால் விலை சரியும். ஆகவே ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், வெங்காயம் உலரும்வரை மழை பிந்த வேண்டும் என்றும், சேனைக்கு இப்போதே வர வேண்டும் என்றும் இரு வேண்டுதல்கள் எழுகின்றன. ‘மழை வழமையை ஒத்திருக்கும்’ என்று சொல்லும் அறிக்கை இந்த இருவரில் எவருக்கும் உதவாது.

மாரியின் இன்னொரு முகம் புயல். வங்காள விரிகுடாவில் நவம்பர், டிசெம்பரில் பிறக்கும் புயல்களில் சில கிழக்குக் கரையைத் தாண்டி உள்நாட்டுக்கு வருகின்றன. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 900 பேர் இறந்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘திட்வா’ புயல் தீவின் மீது ஊர்ந்து சென்று 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் சரிவுகள் இடிந்து விழுந்தன. காற்றைக் காட்டிலும் மழையே கொன்றது. மெதுவாக நகரும் புயல் மலைமீது நின்று பொழியும்போது எவ்வளவு விழும் என்பதை முன்கூட்டி எண்ணில் சொல்லவும், அந்த எண் சரிவில் இருக்கும் வீட்டுக்கு என்ன பொருள்படும் என்று அந்தந்தக் கிராமத்துக்கு அவர்கள் மொழியில் சொல்லவும் இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்று மாரிக்கான கணிப்பு பல படிகளில் உருவாகிறது. 2010 முதல் தெற்காசிய நாடுகளின் வானிலைத் திணைக்களங்கள் ஒன்றுகூடிப் பருவகால எதிர்பார்ப்பை வகுக்கின்றன. கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் அதை இலங்கைக்கு விரித்து, வழமையைவிடக் கூட, வழமையளவு, வழமைக்குக் குறைய என்ற மூன்று நிலைகளுக்கும் வாய்ப்பை விழுக்காட்டில் தருகிறது. விவசாயத் திணைக்களம் முன்பு 24 ஆகப் பகுத்திருந்த வேளாண் சூழலியல் பிரதேசங்களை 2003இல் 46 ஆக விரித்ததால், இடை வலயத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறுபடும் மழையைக் கணக்கில் எடுக்க வழி உண்டாயிற்று. செப்டெம்பர் கூட்டங்களில் இந்தக் கணிப்பைப் பார்த்து, குறுகிய வயது நெல்லா மூன்றரை மாத நெல்லா, குரக்கனா பயறா என்று ஆலோசனை சொல்லப்படுகிறது. மழை தொடங்கும் வாரத்தைச் சொல்லும் கணிப்பு மட்டும் இரண்டு கிழமைக்கு மேல் நம்பிக்கை தருவதில்லை.

நாளாந்த அறிக்கையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வடகீழ்ப் பருவம் பிறக்கும் காலத்தில் திணைக்களம் வடக்கு, வடமத்திய, கிழக்கு, ஊவா மாகாணங்களின் பெயரைச் சொன்னபின், ‘மாத்தளை மாவட்டத்திலும்’ என்று தனியாகச் சேர்த்து வாசிக்கிறது. மத்திய மாகாணத்தின் மற்ற இரு மாவட்டங்களிலிருந்து மாத்தளையின் மழையைப் பிரித்துப் பார்க்கும் அந்தச் சொல், 1873இல் போட்ட எல்லைக்கோட்டை வானிலை அறிக்கைக்குள் சற்றுத் திருத்தியிருக்கிறது. மாத்தளைக்குள்ளேயே ரத்தோட்டைச் சரிவுக்கும் நாவுல மேட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்ல, பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒன்றாகவேனும் தானியங்கி மழைமானிகளும் அவற்றின் பல்லாண்டுப் பதிவும் வேண்டும்.